மின்விசிறிகள் வராத மாதம்

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தோழிக்கு அவள் பெரியம்மா எழுதிய கடிதத்தை நேற்றுப் பார்த்தேன். "இங்கு எல்லோரும் உன்னை மிகவும் விசாரித்தார்கள்" என்று இருந்தது. அந்த வீட்டில் பெரியம்மா ஒருவர்தான் இருக்கிறார். அப்படியானால் எல்லோரும் என்பது யார்? அதனால் உண்மையிலேயே விசாரித்தவர்களை மட்டும் எழுதுவது என்று விதி வைத்திருக்கிறேன்.

நான் நலம். கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. அம்மா நலம். "நேரத்துக்குச் சாப்பிடறாளான்னு கேளு" என்று உங்களை விசாரித்தார். அப்பா நலம்.

முன்னறையை நீங்கள் பார்த்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அது இன்னும் அப்பாவின் பட்டறைதான். கருகிப்போன மின்விசிறிகளுக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதிதாகக் காயில் கட்டுகிறார். கட்டி முடித்தவை சுவர்க் கொக்கிகளில் வரிசையாகத் தொங்குகின்றன. வார்னிஷ் வாசனை அப்படியே இருக்கிறது. மூலையில் ஸ்டூல்மேல் டிவி. தொலைபேசி அப்பாவின் மேசையில், செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில். அதனால்தான் நான் கடிதம் எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'மிதக்கும் தபால் நிலையம்' தொடரின் இரண்டாம் பாகத்தை வருடத்தில் எந்த மாதம் ஒளிபரப்பலாம்? சந்தேகமே இல்லை, மழை மாதம்தான். படகுக்காரர் மகள் தபால் பைகளின்மேல் படுத்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பாளே, அப்போது வெளியேயும் மழை பெய்ய வேண்டும். டிவியின் நீல வெளிச்சம் சுவரில் அலை அலையாக விழும். நம் வீடே கயிறு அவிழ்ந்து மெல்ல நகர்கிற மாதிரி இருக்கும். தெருமுனைத் தபால் பெட்டியும் கூடவே மிதந்து வரும்.

அந்தப் பெண்ணுக்கு நம் மொழியில் குரல் கொடுப்பது என் அத்தை என்று சொன்னால் வகுப்பில் யாரும் நம்புவதில்லை. "உங்க அத்தைக்குப் பத்து வயசா?" என்கிறார்கள்.

உங்கள் நலம் தெரிந்துகொள்ளக் காத்திருக்கும்,
அண்ணன் மகள்

•

ஜூன் 21

என் அன்பு மூக்குக்கண்ணாடிக்கு,

நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல். உன் விதியைப் படித்த பிறகு பொய் எழுதப் பயமாக இருக்கிறது. எனவே, நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, ஆனால் சாப்பிடுகிறேன் என்று சொல். உன்னை, அண்ணியை, அண்ணனை விசாரிக்கிறேன். மூன்று பேரையும் தனித்தனியாகத்தான் விசாரித்தேன், எழுதிக்கொள்.

எங்கள் டிவி நிலையத்தின் அட்டவணைக்காரர் தன் அறையில் வருடம் முழுவதையும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு குண்டூசி. நம் தொடரின் குண்டூசி மட்டும் இன்னும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. அவரும் மழை மாதம் என்றுதான் சொல்கிறார். ஜனங்கள் வெளியே போகமாட்டார்கள், பார்த்தே தீருவார்கள் என்பது அவர் வாதம்.

நான் வேறு யோசனை சொன்னேன். பார்ப்பது இருக்கட்டும், எப்போது நன்றாகக் காதில் விழும்? வாயசைவுக்குப் பேசிப் பிழைப்பவள் வேறு என்ன கேட்பாள். தினமும் மாலை ஏழு மணிக்கு உங்கள் முன்னறையில் என்னென்ன சத்தம் இருக்கிறது என்று குறித்து வை. அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதையும் எழுது. ஒரு தகவலுக்காகத்தான்.

கண்ணை அதிகம் சிரமப்படுத்தாதே.

அத்தை

•

ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அம்மாவும் நலம். "சாப்பிடறதுக்கும் நேரத்துக்குச் சாப்பிடறதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு உன் அத்தைக்கு எப்பத்தான் தெரியப்போகுது" என்றார். விசாரிப்பாகவே எடுத்துக்கொள்ளவும். அப்பா நலம்.

ஏழு மணிக் குறிப்புகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஆனால் முக்கியமான ஒன்று காலையில் நடந்தது. ஞாயிறு பத்து மணிக்குப் பழைய பாகத்தை மறுபடி போடுகிறார்கள் அல்லவா? சரியாக அந்த நேரத்தில்தான் அப்பா விசிறிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொடுக்கப் போவார். அது தற்செயல் என்று நான் நினைத்திருந்தேன்.

போன ஞாயிறு பெருமழை. "மழை விடட்டுமே, நனைஞ்சுக்கிட்டு எங்க போறீங்க?" என்றார் அம்மா. அப்பா வாசல்வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, காயில் சுற்றும் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அதில் எண் காட்டும் சக்கரம் உடைந்து வெகுநாளாகிறது. அப்பா வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு சுற்றுவார். எண்ணும்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது. பேசினால் ஒரு விரலைத் தூக்குவார். நாங்கள் நிறுத்திக்கொள்வோம்.

நான் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்திருந்தேன். கடைசியில், வழக்கம்போல, படகுக்காரர் மகள் சிரித்தாள். கைப்பிடி நின்றது.

"எத்தனைல விட்டீங்க?" என்று அம்மா கேட்டார். அப்பா சுற்றியதையெல்லாம் அவிழ்க்க ஆரம்பித்தார். பிறகு எழுந்து, தையல் கூடத்திலிருந்து வந்திருந்த பெரிய விசிறியை முழு வேகத்தில் போட்டார்.

"சோதிச்சுப் பாக்கறேன்."

"அதை நேத்தே சோதிச்சாச்சே" என்றார் அம்மா. என் குறிப்புத் தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. ஒன்று அப்பாவின் தோளில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை.

பிற்பகலில் கேட்டேன்: "அத்தைக்கு எழுதறேன்ப்பா. ஏதாவது சொல்லணுமா?" அப்பா ஒரு விரலைத் தூக்கினார். மெஷினில் கம்பியே இல்லை.

உண்மையை எழுதியதற்கு வருத்தப்படாதீர்கள்.

அண்ணன் மகள்

•

ஆகஸ்ட் 19

என் மூக்குக்கண்ணாடிக்கு,

நான் நலம். அங்கே மூன்று பேரும் நலமா?

எத்தனையாவது சுற்றில் எண்ணிக்கை தவறியது?

அத்தை

•

செப்டம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அம்மா உங்களை விசாரித்தார். அப்பா நலம்.

இருநூற்று முப்பத்தாறு. அம்மாவை விட்டுக் கேட்கச் சொன்னேன், அப்பா அவரிடம் சொன்னார். இத்தனை நாளாகியும் அவருக்கு நினைவிருக்கிறது.

இனி என் முடிவு. மழை மாதம் என்று நான் சொன்னது தவறு. நம் முன்னறைக்குத் தகரக் கூரை என்பதை மறந்துவிட்டேன். மழை பெய்தால் படகுக்காரர் மகள் வாயை மட்டும் அசைப்பாள். மின்சாரமும் போய்விடும். மார்ச்சில் பரீட்சை; அம்மா டிவியைப் போர்வையால் மூடி, "அதுக்குக் காய்ச்சல், தொந்தரவு பண்ணாதே" என்பார். ஏப்ரல், மே மாதங்களில் ஊரிலுள்ள விசிறியெல்லாம் கருகி நம் வீட்டுக்குத்தான் வரும். ஏழு மணி சோதனை நேரம். போன மே மாதம் ஒருநாள் பதினாறு விசிறிகள் ஒன்றாக ஓடின என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. அம்மா சைகையில்தான் சாப்பிடக் கூப்பிட்டாராம்.

ஜனவரிதான் சரி. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. யாரும் விசிறி கொண்டுவருவதில்லை. கொக்கிகள் காலியாக இருக்கும். அப்பாவுக்கு எண்ண ஒன்றும் இருக்காது. சன்னல்கள் திறந்திருக்கும், காற்று நடமாடுவதுகூடக் கேட்கும். போன ஜனவரியில் எழுதியிருக்கிறேன்: "ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம். அவர்கள் வீட்டு டிவி நம் வீட்டு டிவி மாதிரியே கேட்கிறது. தெரு தூங்கிக்கொண்டே விழித்திருக்கிறது."

உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, காரணங்களோடு ஒரு நகல் எடுத்து அட்டவணைக்காரருக்கே நேராக அனுப்பிவிட்டேன். நல்ல கையெழுத்தில்தான்.

அண்ணன் மகள்

•

அக்டோபர் 10

மதிப்பிற்குரிய செல்விக்கு,

தங்கள் ஆய்வு கிடைத்தது. இருபத்திரண்டு வருடமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கருகிய விசிறிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எனக்கு யாரும் ஆலோசனை சொன்னதில்லை. தங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தேன். குண்டூசி என் சட்டைப் பையிலிருந்து சுவருக்குப் போய்விட்டது. ஜனவரி இரண்டாவது திங்கள் தொடங்கி, வார நாட்களில் மாலை ஏழு மணி. தங்கள் அத்தை அன்று வேலைக்கு வரவில்லை, தாங்களே தெரிவிக்கலாம்.

தாங்களும் வீட்டாரும் நலமுடன் இருக்க வாழ்த்தும்,
அட்டவணை அதிகாரி

•

நவம்பர் 14

என் மூக்குக்கண்ணாடிக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பதிவு வேலை.

ஜனவரி என்று முடிவாகிவிட்டது. உன் காரணங்கள் எல்லாம் சரியானவை. எதிலும் பிழை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை

•

நவம்பர் 22

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் யாரையுமே விசாரிக்கவில்லை. மழை ஓய்ந்த சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன்.

"ஜனவரின்னா எழுதின?" என்றார்.

"அப்பதாம்மா நிசப்தமா இருக்கும்."

"நிசப்தமாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா. மடித்த போர்வையையே மறுபடி பிரித்து மடித்தார்.

பிறகு சொன்னார். மூன்று வருடம் முன்பு தாத்தா இறந்தது ஜனவரியில். அம்மைக்கட்டு என்று என்னை மாமா வீட்டில் விட்டிருந்தார்கள், அதனால் அன்று நடந்தது எனக்கு ஒன்றும் தெரியாது. தாத்தா இரண்டு நாளாக உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா உங்கள் நிலையத்துக்கு மூன்று தடவை போன் செய்து தகவல் சொன்னாராம். நீங்கள் வரவில்லை. முன்னறையில், இப்போது மெஷின் இருக்கும் இடத்தில், தாத்தாவைப் படுக்க வைத்திருந்தார்கள். விசிறி ஒன்றும் ஓடவில்லை. எல்லாச் சன்னலும் திறந்திருந்தது. மாலை ஏழு மணி தாண்டி, அழுது ஓய்ந்து எல்லோரும் சும்மா இருந்த நேரத்தில், பக்கத்து வீட்டு டிவியிலிருந்து நீங்கள் சிரித்தீர்களாம்.

மறுநாள்தான் நீங்கள் வந்தீர்கள். அப்பா உங்களிடம் கடைசியாகச் சொன்னது, "நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சிரிப்பு வந்துடுச்சு" என்பது.

"அது எப்பவோ பதிவு பண்ணினதும்மா. அப்பாவுக்கு அது தெரியாதா?"

"புத்திக்குத் தெரியும். காதுக்கு யார் போய்ச் சொல்றது?"

அத்தை, நான் உலகத்துச் சத்தத்தையெல்லாம் குறித்துவிட்டு இதை விட்டுவிட்டேன். உங்களையும் அப்பாவையும் பேசவிடாமல் செய்த மாதத்தையே தேடிப் பிடித்து, நல்ல கையெழுத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன். மாற்றச் சொல்லி அட்டவணைக்காரருக்கு இன்றே எழுதட்டுமா? மே மாதம் போடச் சொல்கிறேன். யாருக்கும் ஒன்றும் கேட்காது.

அண்ணன் மகள்

•

டிசம்பர் 9

என் கண்ணே,

எழுதாதே. குண்டூசியைப் பிடுங்க வேண்டாம். எந்த மாதம் போட்டாலும் எனக்கு அது ஜனவரிதான்.

நான் முதலில் உன்னைக் கேட்டதே, அண்ணன் காதில் என் குரல் விழக்கூடிய மாதம் ஒன்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். ஒளிபரப்பு ஒரு சாக்கு. நீ சொன்ன பதில் எனக்கும் தெரிந்ததுதான். அதை இன்னொருவர் கையெழுத்தில் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, அவ்வளவுதான்.

பதிவு அறைக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரியும்போது யாரும் உள்ளே வரமாட்டார்கள். வரும் தகவலைச் சீட்டில் எழுதி வெளிப்பலகையில் குத்தி வைத்துவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் காலையிலிருந்தே உள்ளேயே இருந்தேன். பலகையைப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. யார் என்னைத் தேடப்போகிறார்கள் என்ற எண்ணம். இரண்டாம் நாள் சாயங்காலம் வெளியே வந்து, தலைமுடி கட்ட ரப்பர் தேடும்போதுதான் பார்த்தேன். மூன்று சீட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஓடிப்போய் பஸ் ஏறியபோது மணி ஏழு.

இதை நான் அண்ணனிடம் சொன்னதில்லை. சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலைத் தூக்கினார்.

இங்கே வேலை முடிந்தது. முதல் நாள் போடப்போகும் பகுதியில் ஓர் இடம் மட்டும் சரியாக வரவில்லை. பதினொரு தடவை எடுத்தார்கள், பிறகு போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். படகுக்காரர் மகளுக்கு இப்போது பதினொரு வயது, என் குரலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.

ஒளிபரப்பு தொடங்கும் அன்று என்ன நடந்தாலும் எழுது. பெரிய விசிறியைப் போட்டாலும் போட்டார் என்றே எழுது.

உன்னை, அண்ணியை, அண்ணனை விசாரிக்கும்,
அத்தை

•

ஜனவரி 5

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அம்மா உங்களை விசாரித்தார். அப்பா நலம்.

கொக்கிகள் காலியாகிவிட்டன. தையல் கூடத்துப் பெரிய விசிறி மறுபடி பழுதாகி வந்தது. கட்டி முடித்தாகிவிட்டது. "இந்தக் குளிர்ல எங்களுக்கு எதுக்கு? மார்ச்ல எடுத்துக்கறோம்" என்று விட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலங்களில் தெரு தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருக்கிறது. பேசுகிறவர்கள் எல்லோரும் தூரத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது.

நேற்று ஒரு காரியம் செய்தேன். உங்கள் டிசம்பர் கடிதத்தை முன்னறையில் உட்கார்ந்து அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா அதை ஏற்கெனவே படித்தாயிற்று. ஆனாலும் "ம், அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டார். அப்பா மெஷின் முன்னால்தான் இருந்தார்; அதில் கம்பி இல்லை. சீட்டுகள் வந்த இடத்தில் அப்பா விரலைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை. "மணி ஏழு" என்று படித்தபோது விரல் இன்னும் மேலேயேதான் இருந்தது, ஆனால் அப்பா அதை மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அவ்வளவுதான். எனவே விசாரித்தார் என்று எழுத முடியவில்லை.

அண்ணன் மகள்

•

ஜனவரி 13

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம், அம்மா நலம், அப்பா நலம்.

நேற்று ஆறேமுக்காலுக்கு அம்மா டிவியைத் துடைத்தார். அப்பா உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பெரிய விசிறியின் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அதன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன்.

ஆற்றில் பனி. படகு வருவதற்கு முன்னால் அதன் மணிதான் வந்தது. பிறகு நீங்கள் பேசினீர்கள். பக்கத்து வீட்டிலிருந்தும் நீங்களே பேசியதால் ஒரே வார்த்தை இரண்டு பக்கமும் கேட்டது, கரையும் எதிர்க்கரையும் பேசிக்கொள்வதுபோல. எனக்குத் தூக்கமா விழிப்பா என்றே தெரியவில்லை. அப்பாவின் கை மட்டும் சுவிட்சைவிட்டு நகரவில்லை. எப்போது போடுவார் என்று எனக்குத் தெரியும். அவள் சிரிக்கும்போது.

கடைசிக் காட்சி வந்தது. படகு திரும்பியது. படகுக்காரர் மகள் தபால் பையின்மேல் ஏறி நின்றாள், வழக்கமாகச் சிரிக்கும் அதே இடம். அவள் வாயைத் திறந்தாள். சத்தமே இல்லை. திரும்பித் தண்ணீரைப் பார்த்தாள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"முடிஞ்சுதா?" என்றார் அப்பா.

"முடிஞ்சுதுப்பா."

"ஏன் சிரிக்கல?"

நான் தெரியாது என்றேன். அம்மா, "வயசு ஏறிடுச்சில்ல, சும்மா சும்மா சிரிச்சுக்கிட்டே இருப்பாளா" என்றார்.

"படகுல இருக்கறவள நான் கேக்கல" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் விளம்பரங்கள் ஓடின. அப்பா சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பதினொரு தடவை எடுத்த இடம் இதுதானா?"

"இருக்கலாம்ப்பா."

"தொண்டைல ஏதாவதா? குரலும் தடிச்சுக் கெடக்கு. டாக்டர்கிட்ட காட்டினாளான்னு கேளு."

"நீங்க கேட்டதா எழுதலாமாப்பா?"

விரல் கொஞ்சம் மேலே வந்தது. பிறகு இறங்கிவிட்டது.

"எழுது" என்றார்.

ஆகவே என் விதிப்படி எழுதுகிறேன்: அப்பா உங்களை விசாரித்தார்.

இன்று மாலை பெரிய விசிறியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்துவிட்டார். தொலைபேசியைச் சுற்றியிருந்த கம்பிச் சுருள்களை ஒதுக்கி, துணியால் துடைத்தும் வைத்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. உங்கள் எண் என் நோட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் அவர் கேட்டார், சொன்னேன்.

இப்போது மூன்று நாற்காலிகளும் டிவி முன்னால் இருக்கின்றன. "பல்பு வெளிச்சம் டிவி கண்ணாடில விழுது, ஒண்ணும் தெரியல" என்று அப்பா விளக்கை அணைக்க எழுந்து போனார். இந்தக் கடைசி வரிகளை டிவியின் நீல வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஏழு மணிக்கு ஒரு நிமிடம் முன்பு விளக்குகள் அணைக்கப்பட்டன.